ஊசுட்டேரிப் பக்கம் ஓர் இரவு: வாடகை டென்ட்டா, சுவிஸ் டென்ட்டா?

"ஏரிக்கரையில் கேம்ப்பிங்" என்ற பெயரில் புதுச்சேரி வட்டாரத்தில் விற்கப்படுவது இரண்டு சரக்கு. ஒன்று, டவுனில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் நாமே அடித்துக்கொள்கிற டோம் டென்ட். மற்றது, தோட்டத்தில் மேடை கட்டி, கட்டில், மின்விசிறி, ஏ.சி., பின்பக்கம் குளியலறை எல்லாம் வைத்து நிரந்தரமாக நிறுத்தியிருக்கும் சுவிஸ் டென்ட். இதைத்தான் கிளாம்ப்பிங் என்கிறார்கள். எந்தக் கடையையும் தோட்டத்தையும் பெயர் சொல்லி இங்கே மதிப்பிடவில்லை. இரண்டு வகையையும் ஊசுட்டேரியின் மண்ணிலும் ஈரத்திலும் காற்றிலும் வைத்து எடை போடுகிறோம். விளம்பரப் படத்தில் தெரியாதவை அந்த மூன்றும்தான். ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பவையும் அவைதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொங்கல் முடிந்ததிலிருந்து மாசி வரைக்கும் வாடகை டோம் டென்ட்தான் சிறந்தது; மூன்று மடங்கு பணம் கொடுத்தாலும் சுவிஸ் டென்ட்டில் அந்தச் சுகம் கிடைக்காது. சித்திரை, வைகாசியில் இரண்டும் வேண்டாம். ஆடி, ஆவணி சாயங்கால இடிமழைக் காலத்தில் நன்றாகக் கட்டிய சுவிஸ் டென்ட் தாங்கும், டோம் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் வானிலை அறிக்கையைப் பார்த்த பிறகுதான் எதையும் பதிவு செய்யவேண்டும். முன்பணம் திரும்பக் கிடைக்காத இடத்தில் அந்த இரண்டு மாதத்துக்குப் பதிவே செய்யாதீர்கள்.

எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

ஊசுட்டேரி நகரத்திலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பரப்பு ஏறக்குறைய 800 ஹெக்டேர். அதில் ஒரு பாதி புதுச்சேரியிலும் மறு பாதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலும் இருக்கிறது. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வந்து நிரம்புகிறது. புதுச்சேரிப் பகுதி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; தமிழ்நாட்டுப் பகுதியும் பிற்பாடு சரணாலயமானது. ஆகவே கரைமேட்டிலோ, தண்ணீர் வற்றிய ஏரித்தரையிலோ டென்ட் அடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழையவும் தங்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். "தண்ணிக்குப் பக்கத்துலயே போட்டுத் தர்றோம் சார்" என்று ஒருவர் சொன்னால், அவர் மற்ற விஷயங்களிலும் எப்படி இருப்பார் என்பதற்கு அதுவே சாட்சி. அங்கே முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஏரியைச் சுற்றியுள்ள பட்டா நிலங்களும் தோப்புகளும். போனில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "நிலம் பாண்டியா, தமிழ்நாடா?" கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அவசரத்துக்கு எந்தக் காவல் நிலையம் என்பதிலிருந்து எல்லாம் இதைப் பொறுத்தது. புதுச்சேரியில் வாங்கிய மது பாட்டிலோடு எல்லை தாண்டி வானூர் பக்கத் தோட்டத்துக்குப் போனால் சோதனைச் சாவடியில் வழக்கு. ஒரே சாலையில் ஐந்து நிமிடத்துக்குள் எல்லை மாறிவிடும் ஊர் இது. "தெரியாமல் வந்துவிட்டோம்" என்பது அங்கே எடுபடாது.

இரண்டாவது கேள்வி, மண். ஏரியை ஒட்டிய தாழ்வான நிலம் களிமண். மழையில் சேறாகிவிடும், மாசியில் காய்ந்து கல்லாகிவிடும். பூத்துறைப் பக்கம் மேடேற மேடேறச் செம்மண். டென்ட்டுக்குச் செம்மண் மேடுதான் நல்லது: தண்ணீர் தேங்காது, டென்ட்டின் கயிற்றைக் கட்டத் தரையில் அடிக்கும் முளைக் கம்பி பிடிக்கும். தண்ணீர் ஓரத்துப் பள்ளத்தில் படம் அழகாக வரும் என்பது உண்மை. ஆனால் இரவில் குளிர்ந்த ஈரக்காற்று தாழ்வான இடத்தில்தான் இறங்கித் தேங்கும். விடியற்காலை நான்கு மணிக்கு டென்ட்டின் உட்கூரையிலிருந்து சொட்டும் நீர் அங்கே இரண்டு பங்காக இருக்கும். ஏரி தெரிகிற மேடு கிடைத்தால் போதும். ஏரியைத் தொடுகிற பள்ளம் வேண்டாம்.

மரத்தடியும் யோசித்துத்தான். தென்னை மரத்தடியில் ஒருபோதும் வேண்டாம். மட்டையும் காயும் விழும். முருங்கைக் கிளை காற்றில் சட்டென்று முறியும். வேம்பு, புங்கன் நிழல் நல்லது. ஆனால் கிளைக்கு நேர் கீழே போடாமல், காலை வெயிலில் நிழல் விழும்படி மரத்துக்கு மேற்கே பத்தடி தள்ளிப் போட்டால் எட்டு மணி வரை உள்ளே படுத்திருக்கலாம். நிழல் இல்லாத டென்ட் ஏழு மணிக்கே இட்லிப் பானை.

வாடகை டோம் டென்ட்: கடையிலேயே பிரித்துப் பாருங்கள்

கடற்கரை ஊரில் வாடகை டென்ட்டுக்கு வரும் முதல் நோய், ஈரத்தோடு மடித்து வைப்பது. ஞாயிறு மாலை அவசரமாகத் திருப்பிக் கொடுப்பார்கள், கடைக்காரர் அப்படியே பைக்குள் திணிப்பார், அடுத்த சனிக்கிழமை அது உங்கள் கைக்கு வரும். வெளிக்கூரைத் துணியின் உட்பக்கம் பூசிய பாலியூரித்தேன் பூச்சு இப்படி ஈரத்திலும் வெப்பத்திலும் கிடந்தால் சிதைந்து பிசுபிசுக்கும். புளித்த வாடை வரும். கையை வைத்தால் ஒட்டுகிற டென்ட் தண்ணீரைத் தாங்காது. வாடையை முகர்ந்து பார்ப்பது அநாகரிகம் இல்லை, அதுதான் முதல் பரிசோதனை.

அடுத்தது தையல். வெளிக்கூரையின் தையலோரங்களில் உட்பக்கமாக ஒரு பட்டை டேப் ஒட்டியிருக்கும். அது உரிந்து தொங்கினால் மழை அங்கே நூல் வழியாக இறங்கும். கடை வாசலிலேயே இரண்டு பேர் துணியைத் தொட்டி மாதிரிப் பிடித்து, தையல் மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் பாருங்கள். கீழே ஈரம் கசிந்தால் வேறு கேளுங்கள். துணியில் எழுதியிருக்கும் நீர்த்தாங்கு எண் (எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி கசியாமல் தாங்கும் என்ற அளவு) 1,500 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அது பனிக்குத்தான், மழைக்கு இல்லை. வெளிக்கூரை 2,000, தரைத்துணி 3,000 என்று இருந்தால் நம்பலாம். தரைக்கு ஏன் அதிகம் என்றால், நம் முழங்காலும் முழங்கையும் ஊன்றும் இடத்தில் அழுத்தம் கூடுதல். ஈர மண்ணிலிருந்து தண்ணீர் மேலே பிழிந்து வரும்.

ஒற்றை அடுக்கு டென்ட் சில கடைகளில் மலிவாகக் கிடைக்கும். எடுக்காதீர்கள். நான்கு பேர் மூச்சுவிடும் ஈரம் இந்த ஊர்க் காற்றில் எங்கும் போகாது. குளிர்ந்த துணியில் பட்டு வியர்த்து நம் மேலேயே விழும். "டென்ட் ஒழுகுது" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி ஒழுகல் இல்லை, இந்த வியர்வைதான். உள்ளே வலைத்துணி, வெளியே தனிக் கூரை, நடுவில் நான்கு விரல் இடைவெளி இருக்கவேண்டும். வெளிக்கூரையின் உச்சியில் காற்றுத் துளை இருக்கிறதா, அதைத் திறந்து நிறுத்தும் குச்சி உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பயத்தில் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிக்கொண்டு படுப்பதைவிடப் பெரிய தவறு இல்லை. வலை மூடியிருக்கட்டும், துணி திறந்திருக்கட்டும்.

"நான்கு பேர் டென்ட்" என்ற கணக்கை நம்பவேண்டாம். தயாரிப்பாளர் ஒரு ஆளுக்கு 60 செ.மீ. அகலம் வைத்துக் கணக்குப் போடுகிறார். சாவு வீட்டில் படுப்பது போல அசையாமல் படுத்தால் நான்கு பேர் படுக்கலாம். இரண்டு பெரியவர், இரண்டு சிறுபிள்ளை, நான்கு பை என்றால் ஆறு பேர் டென்ட் வேண்டும். கணவன் மனைவிக்கு மூன்று பேர் டென்ட்.

கம்பிகள் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ், நடுவில் ரப்பர் கயிறு ஓடும். ஒவ்வொரு கணுவையும் முழுசாகச் செருகிப் பாருங்கள். நுனியில் நெடுக்காக வெடித்த கணு ஒன்று இருந்தாலும் ராத்திரிக் காற்றில் அது பிளந்து துணியைக் கிழிக்கும். வெடித்த நாரைக் கையால் தடவாதீர்கள். சிம்பு தோலுக்குள் ஏறினால் எடுப்பது கடினம். கம்பி உடைந்தால் ஒட்டுவதற்கு, கம்பியைவிடச் சற்றே பெரிய விட்டத்தில் 12 செ.மீ. இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றும் ஒரு சுருள் இன்சுலேஷன் டேப்பும் கேளுங்கள். கடையில் இல்லையென்றால் எந்த ஹார்டுவேர் கடையிலும் குழாயை வெட்டித் தருவார்கள். கம்பியைத் துணிக்குழலுக்குள் எப்போதும் தள்ளித்தான் நுழைக்கவேண்டும், தள்ளித்தான் எடுக்கவேண்டும். இழுத்தால் கணு கழன்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஜிப் ஓட்டிய பிறகு பின்னால் பிரிந்துகொண்டே வந்தால் பல் தேயவில்லை, கையால் இழுக்கும் ஓட்டிதான் வாய் பிளந்திருக்கிறது. குறடால் ஓட்டியின் இரு பக்கத்தையும் மெதுவாக, கொஞ்சமாக நெரித்தால் சரியாகும். அழுத்தி நெரித்தால் உடைந்துவிடும். வலையில் சிறு ஓட்டை இருந்தால் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை உள்ளேயும் வெளியேயும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுங்கள். ஓர் இரவுக்குத் தாங்கும்.

கிட்டில் வரும் முளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த வட்டார வாடகைக் கிட்டுகள் தோற்பது இங்கேதான். பென்சிலைவிட மெல்லிய, ஒரு சாண் நீளக் கம்பி வளைவுகள் வரும். காய்ந்த களிமண்ணில் அவை முதல் அடியிலேயே வளையும். ஈரக் களியில் வெண்ணெயில் குத்தியது போல உருவிக்கொண்டு வரும். கட்டுமானக் கடையில் 8 மி.மீ. கம்பியை ஒரு அடித் துண்டுகளாகப் பத்து வெட்டி, தலையை வளைத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு கிலோ சுத்தியல். முளையை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் தலை சாய்ந்திருக்கும்படி அடித்து, கயிறு ஏறக்குறைய 45 டிகிரியில் வரும்படி இழுத்துக் கட்டவேண்டும். சேறு என்றால் முளையை மறந்துவிடுங்கள். வெறும் கோணிப்பையில் மண்ணைக் கட்டி, கயிற்றை அதில் சுற்றி, ஒரு முழம் ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் எந்தக் காற்றுக்கும் அசையாது. நீட்டியிருக்கும் முளைத் தலைகளில் வெள்ளைத் துணிக் கிழிசல் கட்டிவிடுங்கள். இருட்டில் தடுக்கி விழுவது பாம்புக்கடியைவிட அடிக்கடி நடக்கும் விபத்து.

அடிக்கும் முறை

சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் அடித்து முடித்திருக்கவேண்டும். ஆறு மணிக்கு இருட்டோடு கொசு வரும். அப்போது கை இரண்டும் முளையில் இருந்தால் உடம்பு அதற்கு விருந்து.

முதலில் தரையைக் குனிந்து கையால் தடவிக் கல், முள், கரும்புச் சோகை, வேலிக்காத்தான் முள் எல்லாம் பொறுக்குங்கள். பிறகு தார்ப்பாய். இதில் எல்லோரும் செய்யும் தவறு, பெரிய தார்ப்பாயை விரித்து அதன் நடுவில் டென்ட்டை நிறுத்துவது. சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் தார்ப்பாய் மழைநீரைப் பிடித்து டென்ட்டுக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். தார்ப்பாய் டென்ட் தரையைவிட ஒவ்வொரு பக்கமும் நான்கு விரல் சின்னதாக இருக்கவேண்டும். பெரிதாக இருந்தால் ஓரத்தை அடிப்பக்கமாக மடித்துவிடுங்கள்.

வாசல் எந்தப் பக்கம் என்பது மாதத்தைப் பொறுத்தது. மார்கழி, தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். முதுகை அந்தப் பக்கம் காட்டி வாசலைத் தென்மேற்கில் வையுங்கள். மாசி, பங்குனியில் பிற்பகலுக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். வாசலை அதற்கு நேராகத் திறந்துவிட்டால் மின்விசிறியே வேண்டாம். ஆடி, ஆவணி இடிமழை மேற்கிலிருந்து கிளம்பும். மேற்கே கருத்துக் காற்று திடீரென நின்றால், அடுத்த கால்மணியில் புழுதியோடு அடிக்கும். அந்த நேரத்தில் டோம் டென்ட்டைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கம்பியைக் கழற்றித் துணியைத் தரையோடு படுக்கப்போட்டு, கட்டிடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். இடியின்போது தனி மரத்தடியும் கரைமேடும் ஆபத்தான இடங்கள்.

சுவிஸ் டென்ட்: எதைப் பார்த்துப் பணம் கொடுப்பது

நல்ல சுவிஸ் டென்ட் உண்மையிலேயே சுகமானது. முதியவர்கள், கைக்குழந்தை, முட்டிவலிக்காரர்கள் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். தரையிலிருந்து எழுந்திருக்கத் தேவையில்லை, ராத்திரியில் கழிப்பறைக்கு டார்ச்சோடு நடக்கத் தேவையில்லை. ஆனால் படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பொருள் இல்லை இது. கான்வாஸ் உயிருள்ள துணி. பராமரிக்காவிட்டால் இந்த ஊர் ஈரத்தில் சீக்கிரமே கெட்டுப்போகும்.

முதலில் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள், தரையிலிருந்து ஒரு முழம் உயரம் வரைக்கும். கரும்புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. சாம்பிராணி போட்டும் வாசனைத் தெளிப்பான் அடித்தும் வாடையை மறைத்திருப்பார்கள். மெத்தைக்கு அடியிலும் கட்டிலின் தலைமாட்டுத் துணிக்குப் பின்னாலும் முகர்ந்தால் தெரிந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த டென்ட்டில் ஓர் இரவும் படுக்கக்கூடாது. பதிவுக்கு முன் போனில் கேட்பதென்றால், "மேடை எவ்வளவு உயரம்? சுற்றி வாய்க்கால் வெட்டியிருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒன்றரை அடி சிமெண்ட் மேடை, சுற்றிலும் வெளியேறும் வாய்க்கால், சுவரடியில் மண்ணோடு மடங்கிக் கிடக்கும் ரெக்சின் பட்டை, இவை மூன்றும் இருந்தால் அந்தத் தோட்டக்காரருக்குத் தொழில் தெரியும். வெறும் தரையில் செங்கல் பரப்பி மேலே பச்சைக் கார்ப்பெட் விரித்திருந்தால் மழைக்காலத்தில் அந்தக் கார்ப்பெட்டே குளமாகும்.

கூரை இரட்டையா என்பது அடுத்தது. கான்வாஸுக்கு மேல் ஒரு அடி இடைவெளி விட்டு இன்னொரு கூரையோ, கீற்றுப் பந்தலோ இருக்கவேண்டும். வெயில் நேராகக் கான்வாஸில் பட்டால் உள்ளே நண்பகலில் வெளியைவிடச் சூடு. ஏ.சி. இருக்கிறதே என்பார்கள். துணிச் சுவருக்குக் குளிரைப் பிடித்து வைக்கும் திறன் கிடையாது, தையலோரமும் ஜிப்பும் குளிரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சித்திரை நண்பகலில் ஒன்றரை டன் ஏ.சி. ஓயாமல் ஓடியும் உள்ளே அனல் குறையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அது வேலை செய்யும். கோடையில் பகல் வாடகையையும் சேர்த்துக் கொடுப்பது வீண் என்று சொல்வது இதனால்தான். தை, மாசியில் ஏ.சி. டென்ட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதும் வீண். அப்போது இரவில் 21, 22 டிகிரிக்குத் தானாகவே இறங்கும். சாதா டென்ட் கேளுங்கள்.

மின்சாரம். ஈரத்தரை, உலோகக் கம்பங்கள், துணிச் சுவர், தண்ணீர் ஹீட்டர் எல்லாம் ஒரே இடத்தில். 30 மில்லி ஆம்பியர் கசிவில் அணையும் பாதுகாப்பு சுவிட்ச் போர்டில் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். அதன் மேல் சின்னதாகச் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் டப்பென்று கரண்ட் போகவேண்டும். போகவில்லையென்றால் அது அலங்காரம். டென்ட் கம்பத்தில் சுற்றிய அலங்கார விளக்குச் சரத்தின் ஒட்டுப்போட்ட வயர் திறந்து கிடந்தால் அணைக்கச் சொல்லுங்கள். இதில் தாட்சண்யம் பார்க்கவே வேண்டாம்.

குளியலறை பெரும்பாலும் பின்பக்கம் கான்வாஸ் ஜிப்புக்கு அப்பால் இருக்கும். அந்த ஜிப் சரியாக மூடுகிறதா, தண்ணீர் போகும் துளைக்குச் சல்லடை இருக்கிறதா என்று பாருங்கள். சல்லடை இல்லாத துளை வழியாகத்தான் தேரையும், தேரையைத் தேடிப் பாம்பும் வரும்.

பாம்பு, கொசு, ஈசல்

ஏரியும் நெல்வயலும் எலியும் உள்ள இடத்தில் பாம்பு இருக்கும். கண்ணாடி விரியன், நல்லபாம்பு, கட்டுவிரியன் மூன்றுமே இந்த நிலத்துக்காரர்கள்தான். இரவில் தரையில் படுப்பவர்களுக்குக் கட்டுவிரியன்தான் கவலை: சத்தமில்லாமல் வரும், கடித்த இடத்தில் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது, விடியும்போது இமை தொங்கி மூச்சு திணறும். டோம் டென்ட்டின் வலை ஜிப்பை ஒரு நிமிடம்கூடத் திறந்து போடக்கூடாது என்பதற்குக் கொசு இரண்டாவது காரணம்தான். செருப்பை வெளியே விடாமல் பைக்குள் கட்டி வையுங்கள். இரவில் காலை வைக்கும் இடத்தில் டார்ச் அடித்துவிட்டு நடங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கையையோ காலையோ அசையாமல் கட்டையோடு சேர்த்துக் கட்டி, 108 அழைத்து, கோரிமேடு ஜிப்மருக்கு நேராகப் போங்கள். இரவு வழியை வெளிச்சத்திலேயே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கொசுவுக்கு டென்ட்டுக்குள் சுருள் கொளுத்தக்கூடாது. துணி தீப்பிடிக்கும், புகையும் வெளியேறாது. ஐந்தரை மணிக்கே முழுக்கால் சட்டை, முழுக்கை, வெளியே தெரியும் தோலில் விரட்டிக் களிம்பு. முதல் மழைக்கு அடுத்த இரவில் ஈசல் கிளம்பும். வெள்ளை விளக்கு ஒன்று எரிந்தால் ஆயிரக்கணக்கில் சோற்றில் விழும். மஞ்சள் விளக்கைத் தாழ்வாக, சாப்பிடும் இடத்திலிருந்து பதினைந்து அடி தள்ளி வைத்து, அங்கே போய் விழட்டும் என்று விட்டுவிடுங்கள்.

படுக்கை, அடுப்பு, தண்ணீர்

வாடகைக் கிட்டில் வரும் உறைபோன்ற தூக்கப்பை இந்த ஊருக்குத் தேவையில்லை. அது ஐந்து பத்து டிகிரிக் குளிருக்குச் செய்தது. உள்ளே படுத்தால் வெந்துபோவீர்கள், போதாததற்கு முன்பு படுத்தவர்களின் வியர்வையும் அதிலே. அதற்கான வாடகையைக் கழிக்கச் சொல்லுங்கள். கோரைப் பாய், அதன்மேல் ஜமக்காளம், போர்த்திக்கொள்ளப் பருத்திப் போர்வை: இதற்கு ஈடு இல்லை. தரை உறுத்தினால் மட்டும் பாய்க்கு அடியில் 10 மி.மீ. ஃபோம் விரிப்பு.

நான்கு பேர், ஓர் இரவு, மறுநாள் காலைப் பலகாரம் வரைக்கும் என்றால் 20 லிட்டர் கேன் ஒன்று குடிக்கவும் சமைக்கவும், இன்னொன்று கழுவ. ஏரித் தண்ணீரை எதற்கும் எடுக்கவேண்டாம், அதில் இறங்கவும் வேண்டாம். மேலே தெளிவாக இருக்கும் இடத்தில்கூடக் கீழே வேலம்பாசி காலைச் சுற்றும். மதகுப் பக்கத்தில் இழுப்பு இருக்கும். சேறு முழங்கால் வரை வாங்கும்.

அடுப்புக்கு 220 கிராம் பியூட்டேன் டப்பா போடும் கையடக்க அடுப்பு போதும். முழுத் தீயில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் எரியும். இரண்டு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். காற்று பட்டால் அதில் பாதி வீணாகும், ஆகவே மூன்று பக்கம் தகரமோ செங்கல்லோ மறைப்பு வேண்டும். ஆனால் டப்பா இருக்கும் பக்கத்தை மறைக்கக்கூடாது. சூடேறி அழுத்தம் கூடும். பெரிய தோசைக்கல் வைத்தாலும் இதே ஆபத்து, கல் டப்பா அறைக்கு மேலே நீண்டு வெப்பத்தைத் திருப்பி அடிக்கும். பாத்திரம் 24 செ.மீ.க்குள் இருக்கட்டும். மழை வந்தாலும் அடுப்பையோ, குளிருக்கென்று கரி அனலையோ டென்ட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

மீன் வறுக்க ஆசைப்படாதவர் இருக்க முடியாது. குபேர் அங்காடியில் காலையிலேயே வாங்கி, வீட்டிலேயே கழுவி மசாலா தடவி, மூடிய டப்பாவில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். சாமான் ஒரு பங்கு, ஐஸ் இரண்டு பங்கு. தூள் ஐஸைவிடக் கட்டி ஐஸ் நின்று கரையும். அங்கே போய்ச் செதில் உரிக்க ஆரம்பித்தால் நாயும் எறும்பும் கூடிவிடும், கழுவக் கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்துவிடும். சாப்பிட்ட இலையும் முள்ளும் பையில் கட்டித் திரும்பக் கொண்டு வரவேண்டியவை. காலைக்கு அங்கே எதுவும் செய்யவேண்டாம். வில்லியனூர் பக்கம் பத்து நிமிடத்தில் சூடான இட்லி கிடைக்கும்.

பாட்டுப் பெட்டி வைத்து ஆட்டம் என்பதைப் பொதியில் சேர்த்து விற்கும் தோட்டங்களைத் தவிர்க்கவேண்டும் என்று அழுத்தியே சொல்கிறோம். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரைக்கும் இந்த ஏரிக்கு ஊசிவால் வாத்தும், நீலச்சிறகியும், நாமக்கோழியும் கூட்டமாக வந்து தங்குகின்றன. பெரிய பெட்டிச் சத்தமும் லேசர் விளக்கும் இரவில் அவற்றைக் கிளப்பிவிடும். விடியற்காலை ஐந்தரைக்கு, வெளிச்சம் வரும் முன்னாலேயே எழும் அந்தச் சலசலப்பைக் கேட்பதற்குத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். இருநோக்கியும் வெறும் காதும் இருந்தால் போதும்.

மற்ற ஏரிகள் பற்றிச் சுருக்கமாக. பாகூர் ஏரிக்கரை சாயங்காலம் உட்காரவும் மூலநாதர் கோயிலோடு சேர்த்துப் பார்க்கவும் அருமை. தங்குவதற்கு வசதி குறைவு. கடலூர் பக்கம் வீராணம் பதினைந்து கிலோமீட்டர் நீளத்தில் பிரமாண்டமாகக் கிடக்கிறது. ஆனால் சென்னைக்குக் குடிநீர் போகும் ஏரி அது. கரையில் முகாம் போட நினைக்காமல், காட்டுமன்னார்கோயிலில் அறை எடுத்துவிட்டு விடியலில் லால்பேட்டைப் பக்கம் போய்ப் பார்ப்பதே முறை.

புயல் காலத்தை லேசாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு தேதிகள் போதும். 2011 டிசம்பர் 30, 'தானே' புயல்; 2024 நவம்பர் 30, 'ஃபெஞ்சல்' புயல். இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின. ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று அறிவித்த உடனேயே பதிவை ரத்து செய்யுங்கள். மஞ்சள் எச்சரிக்கை ஆரஞ்சாகட்டும் என்று காத்திருக்கவேண்டாம். மழை நின்றதும் ஆபத்து போய்விட்டது என்றும் இல்லை. வீடூர் அணை திறந்தால் சங்கராபரணியில் தண்ணீர் அதற்குப் பிறகுதான் ஏறும், வாய்க்காலோரத் தோட்டங்களுக்குப் போகும் மண்பாதை அப்போதுதான் முழுகும்.

வாடகை டென்ட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எட்டு மணிக்கே மடிக்காமல், வெளிக்கூரையை மட்டும் கழற்றி வேலியில் விரித்து, தரைத்துணியைக் கவிழ்த்துப் போட்டு ஒரு மணி நேரம் வெயிலில் காயவிடுங்கள். மழை நாளாக இருந்தால் ஈரத்தோடு கொண்டுவந்து வீட்டு மொட்டைமாடியில் கொடிக்கயிற்றில் போட்டுக் காயவைத்து மறுநாள் கொடுங்கள். ஒரு நாள் கூடுதல் வாடகை கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் கேட்க மாட்டார். முளையை எண்ணி, கம்பிக் கணுவை எண்ணி, கிழிசல் இருந்தால் அதைக் காட்டிவிட்டு முன்பணத்தை வாங்குங்கள். அடுத்த சனிக்கிழமை அதே பையைப் பிரிக்கப்போகிறவர் இன்னொரு குடும்பத்துக்காரர்.